இறங்க மறுத்த முள்

மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையோரம் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்த காத்தவராயனுக்குக் கை நல்ல கை. காதுக்குத்தான் பொறுமை கிடையாது. வந்தவர் பாதி சொல்லும்போதே அவனுக்கு மீதி புரிந்துவிடும். புரிந்தது பெரும்பாலும் வேறாக இருக்கும். ஆடுகிற ஸ்டூலின் நீளக் காலை வெட்டச் சொன்ன ஒருவருக்கு, மற்ற மூன்று கால்களுக்கும் துண்டு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். அந்த மனுஷர் அதில் உட்கார்ந்தால் பாதம் தரையில் எட்டாது.

அதற்குமுன் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தான். ஒருநாள் நோட்டீஸ் ஒன்று வந்தது. மற்றவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போதே இவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஏதோ போனஸ் என்று நினைப்பு. விருப்பப்பட்டு வேலையை விடுகிறவர்களுக்கான நோட்டீஸ் அது என்பது வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லும்போதுதான் தெரிந்தது.

"உனுக்குக் காது இருக்கறது எதுக்கு, பீடி சொருவவா?" என்றாள் மனைவி ஆதிலட்சுமி. அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது அதைக் கேட்டுவந்தாள்.

எண்பத்துநாலாம் வருஷம் சக்கரபாணி முசே அந்தப் பட்டறை வாசலில் தன் காரை நிறுத்தினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்; அதனால் ஊருக்கு அவர் 'முசே', அதாவது பிரெஞ்சில் ஐயா. பென்ஷனோடு ஒரு காரையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். டர்போ கார்; எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வண்டியைப் பாயவைக்கும் சாதனம் உள்ளது. புதுச்சேரியில் அப்படி வேறொன்று இல்லை என்பது அவர் கணக்கு.

சிக்கல் அதில்தான் இருந்தது. டர்போ வேலை செய்ய வேகம் வேண்டும். பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் மாட்டு வண்டி, ரிக்‌ஷா, சைக்கிள், கூடை தூக்கிய பெண்கள். இரண்டாவது கியரைத் தாண்டினால் அதிசயம். அவர் மனைவி தனக்கொடி அம்மாளுக்கு நம்பிக்கையே வரவில்லை.

"டர்போ, டர்போன்றீங்க. கண்ணுல காட்டுங்களேன். கப்பல்ல ஏத்தும்போதே எவனாவது கழட்டிக்கினானோ என்னமோ."

கண்ணில் காட்டுவதற்காகவே முசே மச்சினரை விட்டுப் பாரிசிலிருந்து ஒரு டயல் வரவழைத்தார். உள்ளே காற்றழுத்தம் ஏறினால் முள் ஏறும். டயலோடு மெல்லிய ரப்பர் குழாயும் வந்திருந்தது. குழாயை மாட்டத்தான் காரில் இடமில்லை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் இரும்புக் குழாயில் துளை போட்டு, சின்னதாக ஒரு வாய் வைக்க வேண்டும். ஊரிலிருந்த மெக்கானிக்குகள் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பாம்புப் புற்றைப் பார்த்ததுபோல் மூடிவிட்டார்கள்.

"இதபாரு காத்தவராயா, இந்தக் கொழாயில..." என்று முசே ஆரம்பித்தார்.

"ஓட்ட போட்டு வாய் வெக்கணும். அவ்ளோதான? வெச்சிடறேன்."

"இரு, சொல்லி முடிக்கறேன். இரும்புத்தூள் உள்ள போச்சுன்னா எஞ்சின் போச்சு. கொழாய கழட்டித்தான் செய்யணும்."

அதைமட்டும் காத்தவராயன் முழுதாகக் கேட்டான். குழாயைக் கழற்றி வந்து துளை போட்டான். தகடு மெல்லிசு, மரை பிடிக்காது. அதனால் துளைமேல் ஒரு நட்டை வைத்துப் பித்தளையால் பற்றவைத்தான். ஆறியபின் மண்ணெண்ணெயில் அலசி, துணியை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் உருவினான். துணி வெள்ளையாக வரும்வரை உருவினான். பார்க்க அழகான வேலை.

இனி நட்டுக்குள் திருக ஒரு வாய் வேண்டும். பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்துத் தேடினான். ஓட்டை ஸ்டவ்வில் இருந்து எடுத்த பித்தளைத் துண்டு ஒன்று அளவாகக் கிடைத்தது. ஒரு முனையில் மரை, மறுமுனையில் ரப்பர் குழாய் இறுக்கமாக ஏறும். மரைப் பக்கம் வாயை வைத்து ஊதினான். காற்று போனது. சந்தோஷமாகத் திருகிவிட்டான். மறுபக்கமிருந்தும் ஊதிப் பார்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் காலாப்பட்டு சாலையில் கிளம்பினார்கள். முசே ஓட்ட, பக்கத்தில் காத்தவராயன். பின்னால் தனக்கொடி அம்மாள், வழியில் மார்க்கெட்டில் வாங்கிய கத்தரிக்காய்ப் பையோடு. ஊர் தாண்டும்வரை முள் படுத்தே கிடந்தது.

"செத்துப்போச்சா?" என்றார் அம்மாள்.

முந்திரித் தோப்பு தாண்டியதும் சாலை காலியானது. முசே மிதித்தார். கார் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு பாய்ந்தது. காத்தவராயனின் வயிறு மட்டும் பின்தங்கிவிட்டது. கத்தரிக்காய்கள் பையைவிட்டு உருண்டன. முள் துள்ளி மேலே ஏறியது.

"பாத்தியா தனம்! பாத்தியா!" முசே கத்தினார். எதிரே ஆட்டு மந்தை வரவே பிரேக்கை அழுத்தினார். கார் நின்றுவிட்டது. முள் ஏறிய இடத்திலேயே நின்றது.

"எறங்கவே இல்ல பாரு. அவ்ளோ சக்தி!" என்றார் முசே. காத்தவராயனுக்கும் பெருமைதான். வேலை அப்படி.

வீட்டு வாசலுக்கு வந்து எஞ்சினை அணைத்து, சாவியை உருவிய பின்னும் முள் இறங்கவில்லை. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக் கலியபெருமாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

தனக்கொடி அம்மாள் மட்டும் யோசித்தார்.

"வண்டிய அணைச்சிட்டீங்க இல்ல?"

"அணைச்சாச்சி."

"அப்ப அந்தக் காத்து எங்க இருக்குது?"

முசே டயலைத் தட்டிப் பார்த்தார். "உள்ளதான் இருக்கும்."

"உள்ளயேவா?" அம்மாள் இரண்டடி பின்வாங்கினார். "போன மாசம் கன்னியம்மா வூட்ல குக்கர் வெடிச்சி மூடி கூரமேல போச்சே, மறந்துட்டீங்களா?"

அவ்வளவுதான். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கலியபெருமாள் கதவைச் சாத்தி ஜன்னல் வழியே பார்த்தார். காருக்கருகில் முசேவும் காத்தவராயனும் மட்டும் நின்றார்கள்.

காத்தவராயனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டவ்வை பம்ப் அடித்தால் காற்று உள்ளே போகும், திரும்பி வராது. அப்படி வராமல் தடுப்பதே அந்தப் பித்தளைத் துண்டின் வேலை. அடியில் ஸ்பிரிங்கும் தக்கையும் வைத்து அதை அதற்காகவே செய்திருக்கிறார்கள்.

"முசே, அது ஸ்டவ்வோடது."

"எது?"

"வாய். காத்து ஒருபக்கமாத்தான் போவும். டயலுக்குப் போன காத்து திரும்பி வர வழியில்ல. அவசரத்துல பாக்காம வுட்டுட்டேன்."

காத்தவராயன் எஞ்சின் மூடியைத் தூக்கி, ரப்பர் குழாயைப் பிடுங்கினான். 'புஸ்' என்றது. தூங்குகிற பூனையின் மூச்சைவிடச் சின்ன சத்தம். முள் விழுந்தது.

"இவ்ளோதானா?" என்றார் கலியபெருமாள் ஜன்னலிலிருந்து. காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்த கூட்டத்துக்கும் ஏமாற்றம்தான். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

காத்தவராயன் அங்கேயே பித்தளைத் துண்டைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் தக்கையையும் நோண்டி எடுத்தான். இந்தமுறை இரண்டு பக்கமும் ஊதினான். திரும்பத் திருகி, குழாயை மாட்டினான். முசே படியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் காத்தவராயனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தனக்கொடி அம்மாள் சீட்டுக்கடியில் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார்: "அந்த முள்ளு கெடக்குது, வுடுங்க. தோப்புகிட்ட யாரோ முதுவுல கை வெச்சித் தள்னமாதிரி இருந்துதே, அது பொய்யா? வண்டியில டர்போ இருக்குது. நான் ஒத்துக்கறேன்."

முசே தலையை நிமிர்த்தினார். "நெஜமாவா?"

"என் முதுவு பொய் சொல்லுமா?"

அதற்குப் பிறகு காலாப்பட்டுப் பயணம் ஞாயிறுதோறும் நடந்தது. போகலாம் என்று கேட்டவர் அம்மாள்தான். ஒருமுறை காத்தவராயனையும் ஆதிலட்சுமியையும் கூட்டிப்போனார்கள். தோப்பு தாண்டி முசே மிதித்ததும் காத்தவராயன் கண்ணை மூடிக்கொண்டு காட்டேரியம்மனை வேண்டினான். ஆதிலட்சுமி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்சீட்டைத் தட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் மெதிங்க முசே. அந்த பஸ்ஸ தாண்டிடலாம்."