ஐந்து பேருக்கான ட்ராலி

ட்ராலிக்கு மூளை வைக்கிற கம்பெனியில் வேலை என்று சொன்னபோது அவளுடைய தம்பியே நம்பவில்லை. "கடையில தள்ளிட்டுப் போற வண்டிக்கு எதுக்குக்கா மூளை? தள்ளுறவங்களுக்கு இருந்தா போதாதா?" என்று போனில் சிரித்தான். சிரிக்கட்டும். மூளையை வைத்தார்கள்தான். கைப்பிடியில் ஒரு சின்னத் திரை, உள்ளே விழும் சாமானைப் பார்க்க கேமரா, அடியில் எடை பார்க்கும் தட்டு. யார் என்ன வாங்கினார்கள் என்று ஞாபகம் வைத்திருந்து, அடுத்த முறை வரும்போது எண்ணெய் தீர்ந்திருக்குமே என்று அதுவாகவே நினைவூட்டும். பெற்ற பிள்ளைகூட இத்தனை அக்கறையாகக் கேட்காது.

அந்த ட்ராலிக்குப் பழக்கிக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை. கம்பெனியின் கீழ்த்தளத்தில் ஒரு கடை மாதிரி போட்டிருந்தார்கள். எல்லோரும் அதைப் பொய்க்கடை என்பார்கள். அலமாரிகள் நிஜம், சாமான்களும் நிஜம்தான், ஆனால் தேதி முடிந்தவை. பால் பாக்கெட்டில் தண்ணீர் அடைத்திருக்கும். எடை சரியாக இருந்தால் போதும், யார் குடிக்கப் போகிறார்கள்? வேண்டியதை எடுத்துப் போட்டு, வாசல் வளைவைத் தாண்டினால் வாங்கியதாகக் கணக்கு. பிறகு திரும்பி வந்து ஒவ்வொன்றையும் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். காலை முதல் மாலை வரை இதேதான். ட்ராலி அக்கா என்று எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பது சம்பளச் சீட்டுக்குத்தான் தெரியும்.

சாமான் வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு கற்பனை வீட்டை அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வந்தது நாலாம் வீடு. கணவன், மனைவி, ஒரு பையன், கைக்குழந்தையாக ஒரு பெண், கணவனுடைய அம்மா. மற்றவர்கள் கைக்கு அகப்பட்டதை அள்ளிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவளுக்கு அந்த மாதிரி வேலை ஆகாது. ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் வயிறு இருக்கிறதே என்பாள். பையனுக்குப் பல் ஆடுகிற வயசு, கடினமான பிஸ்கட் வேண்டாம். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பில்லாததுதான் எடுக்க வேண்டும், எடுத்தாலும் அந்தம்மா நல்லது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். வீட்டுக்காரர் சாது. ஷேவிங் கிரீம் தீர்ந்தால்கூட வாய் திறந்து கேட்கத் தெரியாது, இவளாகப் பார்த்து எடுத்தால்தான் உண்டு. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக யோசித்து, அட்டையில் வெறுமனே 'மனைவி' என்று எழுதியிருந்த இடத்தில் எப்போது போய் நின்றாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

நிஜ வாழ்க்கையில் அவள் இருந்தது இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வந்த வரன்களை எல்லாம் தள்ளிப் போட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்தபோது தள்ளிப் போடக்கூட ஒரு வரன் மிச்சமில்லை. தம்பி வேறு ஊரில் குடும்பமாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், நல்லாயிருக்கியா என்பான், நல்லாயிருக்கேன் என்பாள், அதோடு சரி. மாலையில் அவளுக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்காது. பூட்டைத் திறந்தால் காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

அவள் இத்தனை ஒழுங்காக வாங்கியதால் வந்த வினை, கம்பெனியிலேயே ட்ராலிக்கு நன்றாகப் புரிந்த வீடு நாலாம் வீடு மட்டும்தான். பணம் போடுகிறவர்கள் யாராவது பார்க்க வந்தால், மேனேஜர் நேராக அதைத்தான் திறந்து காட்டுவார். "சின்னவளுக்கு அடுத்த அளவு டயப்பர் எடுக்க வேண்டிய நேரம்" என்று திரையில் வரும். வந்தவர்கள் கை தட்டுவார்கள். பின்வரிசையில் நிற்கிற இவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பள்ளிக்கூட மேடையில் பாடுகிற பிள்ளையின் தாய்க்குக்கூட அத்தனை பூரிப்பு இருக்காது.

அந்த ஒரு வீடுதான் அவளுக்கு இருந்தது. அதற்கும் ஆபத்து வந்தது. சாஃப்ட்வேர் எழுதுகிற தாடிக்காரன், எல்லோரும் தாடி என்றே கூப்பிடுகிறவன், ஒரு நாள் போகிற போக்கில் சொன்னான். "அக்கா, திங்கக்கிழமை நிஜக்கடை தொறக்கிறாங்க. அதுக்குள்ள டெஸ்ட் வீடெல்லாம் அழிச்சிடுவோம்."

"நாலாம் வீட்டையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"அது நல்லா ஓடிட்டிருக்கேப்பா."

"நல்லாத்தான் ஓடுது. ஆனா அந்த வீட்டுல ஆளே இல்லையேக்கா."

சுருக்கென்றது அவளுக்கு. அவன் என்ன பண்ணுவான், உள்ளதைச் சொன்னான். அவள் துணிக் கையுறையைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"யாராவது ஆள் இருந்தா வெச்சுக்கலாமா?"

"ஒரு போன் நம்பர் வேணும். அவ்வளவுதான்."

"அப்ப என் நம்பரைப் போட்டுக்கோ."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க தனியாத்தானே இருக்கீங்க?"

"தம்பி குடும்பம் வந்து போய் இருப்பாங்க" என்றாள். வருஷத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத தம்பி. தாடி தோளைக் குலுக்கிவிட்டு நம்பரைப் போட்டுக் கொடுத்தான்.

நிஜக்கடையில் அவளுக்கு வாசலில் வேலை. வருகிறவர்களுக்கு ட்ராலியை எப்படித் தொடங்குவது, வீட்டில் இத்தனை பேர் என்று எங்கே அழுத்துவது, ஆள் கூடினாலோ குறைந்தாலோ எப்படி மாற்றுவது என்று சொல்லித்தர வேண்டும். விடுமுறை நாளில் அவளும் ஒரு வாடிக்கையாளர். நம்பரைப் போட்டதும் ஐந்து பேருக்கான சாமான் வரிசையாகத் திரையில் வரும். முதல் சில வாரம் பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, ஒரு சுற்று சுற்றி, எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டு வந்தாள். ட்ராலியா ஏமாறும்? இங்கே பணம் கட்டினால்தான் கணக்கு. ஒரு நாள், மூத்தவரில் தொடங்கி, கேட்டுவிட்டது: "மூத்தவருக்கு எதுவும் வாங்கவில்லை. உங்கள் வீட்டில் இப்போது நான்கு பேரா?"

அந்தக் கிழவி போனால் நிம்மதி என்று பார்த்தால், அவளுக்கு அதற்கும் மனசு வரவில்லை. 'இல்லை' என்று அழுத்திவிட்டு, இனிப்பில்லாத பிஸ்கட்டைக் காசு கொடுத்து வாங்கி வந்து, தானே கடித்துத் தின்றாள். மண்ணாங்கட்டி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஆளுக்கு ஏதாவது ஒன்று. வீட்டுக்காரருக்கு ஷேவிங் கிரீம், பிள்ளைகளுக்குக் கரடிப் படம் போட்ட பிரஷ், சின்னவளுக்குக் கண் எரியாத சோப்பு. குளியலறைப் பலகையில் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. பூட்டைத் திறக்க முன்போல எரிச்சல் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தம்பியும் அவன் மனைவியும் ஏதோ ஆபீஸ் வேலையாக வந்தவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டினார்கள். தம்பி மனைவி முகம் கழுவப் போனாள். போனவள் நேரம் கழித்துத்தான் வந்தாள். வந்ததும் இவளை அடுப்பு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"யாருக்கா அவரு?"

"எவரு?"

"ஷேவிங் கிரீம் இருக்கு. சின்னப் பிள்ளைங்க பிரஷ் இருக்கு. எங்கிட்ட மறைக்கணுமா? மனைவி இல்லாதவரா?"

என்ன சொல்வது? இந்த வயதில் ஒருவர் இருக்கிறார் என்றால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ட்ராலி மறந்துவிடக் கூடாதென்று வாங்கினேன் என்றால் நேரே டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். அவள் தலையை ஆட்டி வைத்தாள்.

விஷயம் அடுத்த நிமிஷமே தம்பிக்குப் போய்விட்டது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி கேட்டான். "ஆள் எப்படி?"

"சாது."

"குடி கிடி?"

"சேச்சே."

"அவங்க அம்மா கூடவா இருக்காங்க?" என்றாள் தம்பி மனைவி.

"ஆமா. எதைக் கொடுத்தாலும் ஒரு குறை சொல்லுவாங்க."

"எந்த மாமியார்தான் சொல்லலே" என்று தம்பி மனைவி சிரித்தாள். போகும்போது இவளைக் கட்டிக்கொண்டு, "இத்தனை வருஷம் எங்களுக்கு உறுத்தலாவே இருந்துச்சுக்கா" என்றாள். பொய் இத்தனை சரளமாக வந்ததே என்று பயப்பட வேண்டியவள், அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். அதற்குப் பிறகு போன் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. பையன் என்ன படிக்கிறான், சின்னவள் பேச ஆரம்பித்துவிட்டாளா என்று தம்பி மனைவி கேட்கக் கேட்க, இவள் சொல்லிக்கொண்டே போவாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் சொல்ல விஷயம் இருந்தது.

அதுவே வினையாக முடிந்தது. "சனிக்கிழமை டிக்கெட் போட்டாச்சுக்கா. அவரையும் பிள்ளைங்களையும் பாத்துட்டுப் பேசி முடிச்சிடலாம்" என்று ஒரு நாள் போன் வந்தது.

மறுநாள் விடுமுறை. அவள் கடைக்குப் போனாள். அவர்கள் போய்விட்டார்கள் என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் ட்ராலியில் ஐந்து பேரையும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வராது. அவள் அப்படிப்பட்டவள். முட்டை அலமாரி ஓரமாக ட்ராலியை நிறுத்திவிட்டு, தினமும் ஊராருக்குச் சொல்லித்தருகிற அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மாமியார். நீக்கலாமா என்று கேட்டது. ஆம். கணவர். நீக்கலாமா? பாவம், அப்போதும் அந்த மனுஷன் ஒன்றும் கேட்கவில்லை. ஆம். பையன். ஆம். கடைசியாகச் சின்னவள். விரல் நகரவில்லை. பின்னால் யாரோ முட்டை எடுக்க வழி கேட்டார்கள். நகர்ந்து நின்று அழுத்தினாள். "உங்கள் வீட்டில்: ஒருவர்" என்று காட்டிவிட்டு, ஒரு சின்னப் பால் பாக்கெட்டும் ஒரு ரொட்டியும் போதும் என்றது ட்ராலி.

அங்கேயே நின்று தம்பி மனைவிக்குப் போன் பண்ணினாள்.

"சனிக்கிழமை வர வேண்டாம்மா. அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க."

"பிள்ளைங்களையும் கூட்டிட்டா?"

"எல்லாரும்தான்."

ஏன், எதற்கு, யார் மேல் தப்பு என்று கேட்பாள், என்ன சொல்வது என்று இவள் பயந்துகொண்டிருந்தாள். தம்பி மனைவி அதில் ஒன்றையும் கேட்கவில்லை. அவள் குரல் உடைந்திருந்தது.

"அக்கா, அந்தச் சின்னது உங்ககிட்ட நல்லா ஒட்டிக்கிச்சா?"

"ரொம்ப" என்றாள். ட்ராலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடமாடுகிற கடையில், வாய்விட்டு அழுதாள். "அழுதுடுங்கக்கா, நான் போனை வைக்கலே" என்று தம்பி மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.