வடிகால் விளக்கும் ரத்தினசாமி ஐயாவின் முழங்காலும்

கேமராவுக்கு விளக்கின் பாஷையைச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. சொந்தக்காரர்கள் கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். விளக்கிச் சொல்ல முடியாத வேலையில் மாட்டிக்கொண்டு விழிக்கும் அன்பர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

போலகம் கிராமத்தில் ரத்தினசாமி ஐயாவுக்கு ஒன்பது மா நிலத்தில், அதாவது சுமார் மூன்று ஏக்கரில், சம்பா நெல். போன வருஷ மழையில் தண்ணீர் வடியாமல் நட்ட பயிர் அழுகிப்போனது. இந்த வருஷம் முழங்கால் ஆபரேஷன் வேறு. மழையில் மடை வரை நடந்து பார்க்க முடியாது. மழை பிடித்தால் செல்போன் சிக்னலும் இருக்காது. அதனால் எங்கள் கல்லூரிக் குழு மடையருகே ஒரு விளக்கு வைத்தது. வடிகாலில் தண்ணீர் எத்தனை அடி என்பதை அது விட்டுவிட்டு எரிந்து சொல்லும். அந்த வேகத்துக்கு நம் கண்ணில் சும்மா எரிகிற மாதிரிதான் இருக்கும். ஐயா வீட்டு மொட்டை மாடி கேமராவில் கோடு கோடாக விழும். எந்தக் கோட்டுக்கு எத்தனை அடி என்று கீழே இருக்கும் கம்ப்யூட்டரைப் பழக்கியது நான்.

பட்டப்பகல்

முதல் வாரமே கம்ப்யூட்டர் வாயடைத்துப்போனது. நான் இருக்கும் கோவில்பத்திலிருந்து வண்டியை விரட்டிப் போனால் விளக்கு எரியவில்லை. எலி வயரைக் கடித்ததா, பாட்டரி போனதா என்று ஒரு மணி நேரம் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், சுவிட்சை அணைத்தவர் ஐயாவின் மனைவி தனலட்சுமி அம்மா. வந்த கோபம் அவர் கொடுத்த மோரில் இறங்கிவிட்டது.

“பட்டப்பகல்ல யாரோ விளக்கை எரியவிட்டுட்டுப் போயிட்டாங்க. மனசு கேக்கலை, அணைச்சிட்டேன்.”

நாலு அடி

ஆயுத பூஜை அன்று, காய்ந்து கிடந்த வடிகாலில் நாலு அடி தண்ணீர் என்றது கம்ப்யூட்டர். போய்ப் பார்த்தேன். மண்வெட்டிக்கும் பம்புசெட்டுக்கும் வைத்த சந்தனம் குங்குமத்தை எங்கள் கேமராவுக்கும் வைத்திருந்தார்கள், கண்ணாடிக்கு நட்டநடுவில். நான் துணியை எடுத்ததும் ஐயா தடுத்தார்.

“இன்னக்கி ஒரு நாள் இருக்கட்டும்மா. அதுவும் உழைக்கிற சாமான்தானே, ஓய்வு எடுக்கட்டும்.”

துண்டு

ஐப்பசியில் ஒரு காலை நல்ல மழை. கம்ப்யூட்டர் அரை அடி என்றது. ஐயா நம்பி உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தனலட்சுமி அம்மா போய்ப் பார்த்தால் இரண்டு அடி, பயிர் முழுகிக் கிடந்தது. அவரே மடையைத் திறந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது நாற்றின் நுனி தெரிய ஆரம்பித்திருந்தது. பயிர் பிழைத்தது, என்னால்தான் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தப்பு என்னுடையது. வெயிலில் மட்டுமே பழக்கியிருந்தேன். மழைத்தாரையில் கோடுகள் கலைந்ததும் அது தடுமாறிவிட்டது. இனி மழையிலேயே பழக்க வேண்டும். நான் மாடியில் கேமராவோடு இருக்க, ஒருவர் மடையில் நின்று உண்மையான அளவைச் சொல்ல வேண்டும். இதை அழுதுகொண்டேதான் சொன்னேன். அடுத்த மழைக்கு ஐயா கைத்தடியோடு கிளம்பிவிட்டார், குடை பிடிக்க அம்மா. அரை அடிக்கு ஒரு வீச்சு என்று துண்டை வீசிக் காட்டினார்; அதைப் படிக்க எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. திரும்பி வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“அட விடுங்கம்மா. அது மழையையே பாத்ததில்லை, பாவம், என்ன பண்ணும்?”

ஐயா நடக்கக் கூடாது என்று வைத்த விளக்கு, அவரை நாலு மழைக்கு நடக்கவிட்ட பிறகுதான் எங்கள் கம்ப்யூட்டருக்குப் புரிந்தது.