சிவப்புக்கு இரண்டு நிமிடம்

கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறி உட்கார்ந்ததும் கோமளவல்லி பல்கலைக்கழக விண்ணப்பப் பாரத்தை மடியில் விரித்தாள். அவள் பள்ளி ஆசிரியை, வயது நாற்பத்து மூன்று. பகுதிநேர முனைவர் படிப்பு ஏழாவது வருடத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்குள் அவகாசம் கேட்டுக் கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். தாமதத்துக்கான காரணம் என்ற கட்டம் மட்டும் காலி. இதற்கு முன் மூன்று முறை ‘குடும்பச் சூழல்’ என்று எழுதியாகிவிட்டது.

பேனாவைத் திறந்ததும் போன் அடித்தது. கணவன்.

“கோமு, அடுப்புக்கு தோங் கேஸ் முடிஞ்சிருச்சு. கடை நம்பர் எங்க?”

சொன்னாள். அடுத்து மகள், வெள்ளைக் காலுறையைக் காணோம் என்று. அதையும் சொன்னாள்.

பக்கத்து இருக்கை ஆன்டி எட்டிப் பார்த்தாள். “லோன் பாரமா மா?”

“படிப்பு ஆன்டி. வானத்து வெளிச்சத்தப் பத்தி.”

“நிலாவா?”

“இல்ல. இருநூத்தம்பது கிலோமீட்டர் மேல நடக்கிற வேதிவினையில ஆக்சிஜன் அணுவுக்குக் கூடுதல் சக்தி கிடைக்கும். அது சிவப்பு வெளிச்சமா வெளிய வர ரெண்டு நிமிஷம்கூட ஆகும். அதுக்குள்ள வேற எதுவும் வந்து மோதினா சக்தி போயிரும். வெளிச்சம் வராது.”

“இங்க கீழ?”

“இங்க கூட்டம். மோதிக்கிட்டேதான் இருக்கும்.”

“அட, நம்ம வீடு மாதிரி லா!” ஆன்டி சிரித்தாள்.

கோமளவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. போன் மறுபடி அடித்தது. அணைத்துப் பைக்குள் போட்டாள். ‘ஏழு வருடத்தில் எனக்கென்று நேரம் கிடைக்கவில்லை’ என்று கட்டத்தில் எழுதத் தொடங்கினாள்.

ஆன்டி இன்னும் என்னவோ கேட்க வாயெடுத்தாள். பேனா ஓடுவதைப் பார்த்ததும், கோமளவல்லியின் முழங்கையை இடித்துக்கொண்டிருந்த தன் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கேஎல் சென்ட்ரல் வரும்வரை வாயே திறக்கவில்லை.