ஊசி முனையில் சொன்ன பொய்

பிள்ளைகளா, என் இடது காலில் இரண்டு விரல்கள் ஏன் இல்லை என்று கேட்டபோதெல்லாம், வேலையில் அடிபட்டது என்றேன். அது பாதிதான் உண்மை.

எண்பதுகளில் மலேசியாவில், சுவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாதங்கள் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, கடிதம் எழுதி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே போவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டு நண்பர் வந்தார்.

"காலுல குத்திக் குத்திக் கேப்பாங்க. எல்லாத்துக்கும் தெரியுதுன்னு சொல்லிடு லா. இல்லன்னா வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதிடுவாங்க. அப்புறம் மூட்டையக் கட்டுன்னு மண்டோர் வந்து நிப்பான்."

மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணி. தோட்டம் கொடுத்த லயத்து வீடு வேலை செய்கிறவனுக்குத்தான். நீங்கள் மூவரும் அப்போது சிறுசுகள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பஞ்சை வைத்துத் தொட்டார், ஊசி முனையால் குத்தினார், அதிரும் இரும்புக் கவை ஒன்றைப் பெருவிரலில் வைத்தார். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்போம். ஒரு தமிழ் மிஸ்ஸிதான் என்னிடம் தமிழில் கேட்டு டாக்டரிடம் சொன்னார்.

"அண்ணே, கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க. தெரியுதா?"

"தெரியுது."

நான் கண்ணை முழுதாக மூடவில்லை. இமை இடுக்கில் டாக்டரின் கையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

"பரீட்சைக்குப் படிச்சிட்டு வந்த மாதிரில்ல சொல்றீங்க!" மிஸ்ஸி சிரித்தார். எனக்கு வேர்த்தது. விரல்களில் ஒன்றுமே தெரியவில்லை. இப்படி எரிகிற கால் எப்படி மரத்துப்போகும் என்று எனக்கே விளங்கவில்லை.

சர்க்கரை மாத்திரையைக் கூட்டி, எரிச்சலுக்குப் படுக்கும்முன் போட ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். பாதத்தைத் தினமும் பார்க்கச் சொன்னார்கள். சில வாரத்தில் எரிச்சல் தணிந்தது. கால் குணமாகிவிட்டது என்று நம்பி, பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஒருநாள் வெட்டு முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றினேன். உங்கள் அம்மா கத்திவிட்டாள்.

"என்னங்க, உள்ள ரத்தம்! வலிக்கலையா?"

உடைந்த ரப்பர் விதை ஓடு. காலையிலிருந்து அதன்மேலேயே நடந்திருக்கிறேன். வலிக்கவே இல்லை. புண் அழுகியது. விரல்களை எடுத்தார்கள்.

அதே மிஸ்ஸி, இந்த முறை தானே குத்திப் பார்க்க ஊசியை எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"தெரியுதா, அண்ணே?"

"இல்லம்மா. அன்னைக்கும் தெரியல."

அவர் சிரிக்கவில்லை.

எந்த வீட்டுக்காகப் பொய் சொன்னேனோ, வேலை போனதும் அதைக் காலி செய்துவிட்டுச் சுங்கை காடுட் ஊருக்கு வந்தோம். அம்மா தொழிற்சாலை வேலைக்குப் போனாள். இந்த நோய் உங்களுக்கும் வரலாம். வந்தால், ஊசி எடுக்கிறவர் முன்னால் கண்ணை முழுதாக மூடிக்கொள்ளுங்கள்.