டீ கவரும் இனியாவின் வயிறும்

எடப்பாடியில் விசைத்தறிக் கூடங்கள் நெருங்கி நிற்கும் ஒரு சந்து முனையில் அறிவுச்செல்வி டீக்கடை வைத்திருக்கிறாள். கணவன் அர்த்தநாரி அடுத்த தெருவில் தறி ஓட்டுகிறான். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்தவள் இனியா. கைக்குழந்தையைக் கடைக்குள்ளேயே தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு அறிவுச்செல்வி சீக்கிரமே அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். தாய்ப்பால் கொடுக்க உட்கார்ந்தால் நாலு பேர் டீ கேட்டு நிற்பார்கள். அதனால் கொதிக்கிற பாலை அப்படியே பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி மூடி வைப்பாள். ஆறியதும் குழந்தையின் வாயில் கொடுப்பாள். குழந்தையும் சமத்தாகக் குடித்துவிட்டுத் தூங்கும்.

தவழ ஆரம்பித்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. ஒரு வாரம் பேதி, மறுவாரம் மலச்சிக்கல். வயிறு உப்பிக் கல்லாகிவிடும். முழங்கை மடிப்பெல்லாம் சொறி. பக்கத்து டாக்டர் யாராவது ஒரு மருந்து எழுதிக் கொடுப்பார், நிற்கும், மறுபடி வரும். பல் முளைக்கிறது என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். ஒன்றரை வயதில் இனியாவின் விலா எலும்புகள் தெரிந்தன. அன்றைக்கு அறிவுச்செல்வி கடையைப் பூட்டிவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினாள்.

குழந்தை மருத்துவர் வஹீதுன்னிசா அவசரப்படவில்லை. என்ன கொடுத்தீர்கள், எதில் கொடுத்தீர்கள், என்னென்ன மருந்து குடித்தாள் என்று பொறுமையாகக் கேட்டார். சில பரிசோதனைகளும் பார்த்தார். பிறகு சொன்னார்:

“பெரிய வியாதி எதுவும் இல்லம்மா. குழந்தை குடலுக்குள்ள நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல குடியிருக்கணும். முதல் ரெண்டு மூணு வருஷத்துலதான் அதுங்க வந்து சேரும். இவளுக்கு அது சரியா அமையல போல. அடிக்கடி குடுத்த ஆன்டிபயாடிக் ஒரு காரணமா இருக்கலாம். சூடான பால் பிளாஸ்டிக்ல பட்டா அதுல இருக்கற கெமிக்கலும் கொஞ்சம் பால்ல இறங்கும். அதுவும் அந்தக் கிருமிங்களைக் கலைச்சுவிடுதான்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க.”

“அப்ப நாந்தானுங்களா மேடம் எம்புள்ளையக் கெடுத்துப்போட்டேன்?” அறிவுச்செல்வி மடியிலிருந்த குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“அப்படிச் சொல்லாதீங்க. பாதி ஆராய்ச்சி எலிங்கள வெச்சுப் பண்ணதுதான். உங்க பொண்ணுக்கு இதனாலதான்னு என்னாலயே அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா புட்டியைத் தூக்கிப் போடறதுல நஷ்டம் ஒண்ணுமில்ல பாருங்க. ஸ்டீல் டம்ளர்ல குடுங்க. வீட்டுத் தயிர், ராகி, கீரை, வாழைப்பழம் குடுங்க. என்னைக் கேக்காம மருந்து மட்டும் குடுக்காதீங்க.”

அவள் அப்படியே செய்தாள். முதல் மாதம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இனியா டம்ளரைத் தட்டிவிட்டுப் புட்டி கேட்டு அழுதாள். அர்த்தநாரிதான் மடியில் வைத்து, வேடிக்கை காட்டிச் சங்கில் ஊட்டினான். மெல்ல மெல்ல வயிற்று உப்புசம் தணிந்தது.

அந்த நாட்களில்தான் தறிக்கூடத்தில் நூல் சுற்றும் கண்ணாத்தாள் ஒருநாள் காலை டீ வாங்க வந்தாள். நிறைமாதக்காரி. வழக்கம்போல அறிவுச்செல்வி ஒரு பிளாஸ்டிக் கவரை ஊதி விரித்து, கொதிக்கிற டீயை ஊற்றப் போனாள். கவர் சூட்டில் சுருங்குவது அவளுக்குத் தினமும் கண்ணில் படுவதுதான். அன்றைக்கு ஏனோ கை வரவில்லை.

“கண்ணாத்தா, ஒரு தூக்குப்போசி எடுத்துட்டு வா சாமி. இனிமேல் இதுல ஊத்த மாட்டேன்.”

“ஏனுங்கக்கா, கவர் தீந்துபோச்சுங்களா?”

“இருக்குது. உனக்கு ஊத்த மனசு வரல.” இனியாவுக்கு நடந்ததைச் சொன்னாள். கண்ணாத்தாள் கேட்டுக்கொண்டே வயிற்றைத் தடவிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் மூடி போட்ட ஸ்டீல் போசியோடு வந்தாள்.

எல்லோரும் கண்ணாத்தாள் இல்லை. தறிக்கூட முதலாளி தங்கசாமி கோபித்துக்கொண்டார். “ஏம்மா, தறிய நிறுத்திப்போட்டுப் போசியத் தேடீட்டு ஓடுவாங்களா? ஊரே கவர்லதான் குடிக்குது.” அவர் ஆட்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். மதியம் கடை காலியாகக் கிடப்பதைப் பார்த்து அர்த்தநாரியே, “பழையபடி குடுத்துப்போடு புள்ள” என்றான்.

“நம்ம புள்ளைக்கு ஆகாதுன்னு ஒதுக்கி வெச்சத ஊரார் வயித்துல எப்படிங்க ஊத்தறது?”

அந்த ஞாயிற்றுக்கிழமை அர்த்தநாரி தன் மொபெட்டின் பின்னால் ஒரு இரும்புச் சட்டம் பற்றவைத்துக் கொண்டுவந்தான். குழாய் வைத்த பெரிய ஸ்டீல் கேன் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாளிலிருந்து டம்ளர் கூடையோடு அறிவுச்செல்வியே மொபெட்டில் கூடம் கூடமாகப் போனாள். எண்ணற்ற டம்ளர்கள் கழுவ வேண்டியிருந்தது, இடுப்பு ஒடிந்தது. ஆனால் ஓடும் தறிக்குப் பக்கத்திலேயே சூடாக டீ கிடைத்ததும் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஆடி முடிவதற்குள் தங்கசாமியே கூப்பிட்டு அனுப்பினார். எதிர்க் கடையில் இன்னும் கவர்தான். அதை அவளால் மாற்ற முடியவில்லை.

கண்ணாத்தாளுக்குப் பையன் பிறந்தான். பால் கொடுக்க அவளுக்குக் கடைக்குள் ஒரு மூலையில் சேலைத் திரை கட்டிவிட்டாள் அறிவுச்செல்வி.

இனியாவுக்குச் சொறி முழுதாகப் போகவில்லை, பனிக்காலத்தில் தலைகாட்டும். ஆனால் எடை ஏறியது. உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டிருந்த மொட்டையைத் தை மாதம் திருச்செங்கோட்டு மலையில் எடுத்தார்கள். தலை நிறையச் சந்தனத்தோடு இனியா ஒரு வாழைப்பழத்தைத் தின்று முடித்துவிட்டு, அம்மாவின் கையிலிருந்த இன்னொன்றைக் காட்டினாள். வயிறு தாங்குமா என்று அறிவுச்செல்வி ஒரு கணம் தயங்கினாள். பிறகு தோலை உரித்து முழுப் பழத்தையும் அவள் கையிலேயே கொடுத்தாள்.