ஏரி நடுவே ஒரு கோடு

வரைபடத்தில் பென்சில் ஒரு நூல் தள்ளினால் தரையில் ஒரு தெருவே இடம் மாறிவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளில் சட்டமன்றத் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தபோது, தாம்பரத்தில் நான் வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். உங்களில் யாராவது அந்த வேலை பார்த்திருந்தால் சோற்றுத் தட்டிலும் எல்லை தேடியிருப்பீர்கள்.

ஆளில்லாத இடம்

ஒரு தொகுதியில் ஜனம் அதிகம், பக்கத்துத் தொகுதியில் குறைவு. சரிக்கட்ட வேண்டும். வீடுகளுக்கு நடுவே கோடு போனால் மனு மேல் மனு வரும். அதனால் மலை, ரயில் பாதை, ஏரி என்று ஆளில்லாத இடமாகத் தேடுவோம்.

பெருங்களத்தூரைத் தாண்டி ஓர் ஏரி இருந்தது. வடக்கு மதகுத் தண்ணீர் ஒரு ஊருக்கு, தெற்கு மதகுத் தண்ணீர் இன்னொரு ஊருக்கு. கரை மட்டும் பொது. இரண்டு ஊரையும் பிரித்துக் கோடு ஏரிக்குள் இறங்கி, கரையையும் வெட்டிக்கொண்டு போனது. எனக்கு மனசு கேட்கவில்லை, அதிகாரியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "தண்ணிக்கு ஓட்டு கிடையாதுய்யா. தைரியமாப் போடு."

டீச்சர் பார்த்த படம்

வரைவுப் படத்தை வடக்கு ஊர்ப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டப் போனேன். அங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் எஸ்தர் டீச்சர் குடையை மடக்கிவிட்டு நின்று பார்த்தார். போன மழையிலேயே கரை கசிந்திருந்தது. அதைப் பலப்படுத்தச் சொல்லி எம்.எல்.ஏ. வீட்டுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தவர் அவர்.

"இனிமே பாதிக் கரையை ஒருத்தர்கிட்ட, மீதிக் கரையை இன்னொருத்தர்கிட்ட கேக்கணுமா சார்? உடைஞ்சா அது பாதியா உடையுமா?"

ஆட்சேபணை நாள்

கோடை வந்தால் தண்ணீருக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் அந்த இரண்டு ஊரும் ஆட்சேபணை சொல்ல ஒரே லாரியில் வந்து இறங்கின. எந்தத் தொகுதி வேண்டும் என்று அதிகாரி கேட்டார். தெற்கு ஊர் விவசாயி கன்னியப்பன் எழுந்தார்.

"எதுல வேணா போடு சார். ரெண்டு ஊரும் ஒரே ஆளப் புடிச்சித் திட்டற மாதிரி போடு, அது போதும்."

கூடமே சிரித்தது. அன்று சாயங்காலமே ஏரியை விட்டுக் கோட்டை நகர்த்தி வேறொரு படம் வரைந்து கொடுத்தேன். ஜனத்தொகைக் கணக்கு உதைக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. பழைய கோடே உத்தரவாகி வெளிவந்தது. சட்டப்படி அதை எதிர்த்துக் கோர்ட்டுக்கும் போக முடியாது.

ஐப்பசி

தேர்தல் முடிந்தது. கரையைப் பற்றிக் கேட்டால் இந்த எம்.எல்.ஏ. அந்தப் பக்கம் கையைக் காட்டினார், அவர் இந்தப் பக்கம் காட்டினார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எனக்கு ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. பாதி நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

கரை கசிந்துகொண்டிருந்தது. இரண்டு ஊர் ஜனமும் மணல் மூட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் சாக்கைப் பிடித்துக்கொள்ள, கன்னியப்பன் மணல் அள்ளிப் போட்டார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சார், உங்க கோடு இந்தக் கரையில எந்த எடத்துல போவுதுன்னு காட்டு. அங்க ரெண்டு மூட்டை சேத்துப் போட்டுக்கறோம்."

காட்டினேன், அந்த வருஷம் கரை தாங்கிவிட்டது, நான்தான் இன்றைக்கும் நாலு தூறல் விழுந்தால் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன்.