நனையாத மாஸ்டரும் மிதக்காத ஜீப்பும்

எங்கள் ஊரில் பதில் கிடைக்காத கேள்விகள் இரண்டு இருந்தன. லாம்பெர்ட் மாஸ்டருக்கு நீச்சல் தெரியுமா என்பது ஒன்று. அவருடைய ஜீப் மிதக்குமா என்பது இன்னொன்று. கடவுள் இருக்கிறாரா என்றுகூட ஒரு காலத்தில் பேசிக்கொண்டிருந்தோம். மாதாகோயிலை நூலகமாக மாற்றியபின் அந்தப் பேச்சு தானாக அடங்கிவிட்டது. மற்ற இரண்டும் அடங்கவில்லை.

லாம்பெர்ட் வெர்கோய்லன் மளிகைக்கடைக்காரராக இருந்திருந்தால் முதல் கேள்வியே எழுந்திருக்காது. அவர் முப்பது வருடத்துக்கு மேல் ஊர் நீச்சல்குளத்தின் பயிற்சியாளர். ஒரு பக்கம் மாஸ் ஆறு, மறுபக்கமெல்லாம் வாய்க்கால் என்று கிடக்கிற ஊர் எங்களுடையது. நீச்சல் டிப்ளமா இல்லாத பிள்ளையைப் பிறந்தநாள் விருந்துக்குக்கூட யாரும் அழைக்க மாட்டார்கள். கேக் வெட்டும் நேரம் பார்த்து அது வாய்க்காலில் விழுந்து வைத்தால், நல்ல துணி போட்டிருக்கும்போது யார் குதிப்பது? ஆகவே இன்று ஊரில் நடுவயதில் நடமாடுகிற அத்தனை பேரும் அவரிடம் படித்தவர்கள், அதாவது அவரால் தண்ணீரில் தள்ளப்பட்டவர்கள்.

ஆனால் அவர் நனைந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

வெள்ளை அரைக்கால்சட்டை, தோல் செருப்பு, கையில் நுனியில் வளையம் வைத்த நீளக் கம்பு. குளத்தின் விளிம்பிலேயே முன்னும் பின்னும் நடப்பார். "மடக்கு! விரி! சேர்!" என்று அவர் கத்துவதற்கு ஏற்ப நாங்கள் உள்ளே தவளைகளாகக் காலை மடக்கி, விரித்து, சேர்ப்போம். முடியாதவர்கள் பிடித்துக்கொள்ளத்தான் கம்பு. பிடித்தால் உயிர் நிச்சயம், டிப்ளமா கிடையாது. "கம்பைப் பிடிச்சியா? சரி, அடுத்த புதன்கிழமை வா" என்பார். கோபமே இருக்காது. பல் பிடுங்க நாள் குறிப்பது போல இருக்கும். பரீட்சையன்று சட்டை, கால்சட்டை, ஷூவோடு குதிக்க வேண்டும், ஏனென்றால் யாரும் நீச்சல் உடுப்பு மாட்டிக்கொண்டு வாய்க்காலில் தவறி விழுவதில்லை. விளிம்பில் நின்று நடுங்குகிற பிள்ளைக்கு அவரிடம் ஒரே மந்திரம்தான்: "கீழே பாக்காதே. என்னைப் பாரு. தண்ணி உன்னைத் தின்னாது."

இப்படிச் சொன்ன மனிதரைத் தண்ணீர் தின்னுமா தின்னாதா என்பதில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தெரியும் கட்சிக்காரர்கள், தெரியாமல் வேலை கொடுப்பார்களா என்று கேட்டார்கள். நகராட்சியின் மேல் அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. தெரியாது கட்சிக்குத் தலைவன் பேக்கரிக்கார ஃபோன்ஸ். அவனுடைய ஆதாரம் செருப்பு. "காஞ்சு வெடிச்ச தோலுடா அது. அந்த ஈரத்துல அவ்வளவு வருஷம் ஒரு செருப்பைக் காய வச்சுக்கிட்டே இருக்கணும்னா, எவ்வளவு பயம் இருக்கணும்!"

மாஸ்டர் ஓய்வு பெற்று ஆளைக் காணோமே என்றிருந்த சமயத்தில் ஜீப் வந்தது. அமெரிக்க ராணுவம் போர்க்காலத்தில் செய்த மிதக்கும் ஜீப். சாதாரண ஜீப்பைத் தூக்கி ஒரு குட்டிப் படகுக்குள் இறக்கி வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. முன்னால் படகின் மூக்கு, பின்னால் தண்ணீரைத் தள்ளும் விசிறி, கீழே நான்கு சக்கரம். துருப்பிடித்த சட்டியாக வந்ததை, கொட்டகையில் வைத்துப் பல வருடம் தட்டி, ஒட்டி, பச்சை வண்ணம் அடித்து, புதுசாக ஆக்கினார். பிறகு நிலத்தில் ஓட்டினார். நிலத்தில் மட்டும்தான் ஓட்டினார்.

"எப்போ மாஸ்டர் ஆத்துல இறக்கப் போறீங்க?"

"கசியும்டா. இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு."

பன்னிரண்டு வருடமாக அந்தக் கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது.

ஒவ்வொரு செப்டம்பரிலும், உலகப்போரின் முடிவில் எங்கள் நாட்டின் தெற்குப் பகுதி ஆக்கிரமிப்பிலிருந்து விடுதலையான வாரத்தில், பழைய ராணுவ வண்டிகளில் மூன்று நாள் பயணம் போவோம். ஃபோன்ஸிடம் பத்துச் சக்கர லாரி. பல் மருத்துவர் ரீத்திடம் ஒரு ஆம்புலன்ஸ். போரில் அது யாரையெல்லாம் சுமந்ததோ, இப்போது மடக்கு நாற்காலிகளையும் பீர் பெட்டியையும் சுமக்கிறது. எனக்கு வண்டி கிடையாது. மாஸ்டருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. கண்டிப்பான ராணுவ ஒழுங்கில், விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போவோம். இந்த வருடம் இரண்டாம் நாள் மதியம், மின்சாரச் சைக்கிளில் வந்த இரண்டு பெண்மணிகள் மணியடித்து எங்கள் மொத்தப் படையையும் முந்திக்கொண்டு போனார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்து, "ஜெயிச்சுட்டு வாங்க!" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, இதுவரை எந்தப் பயணத்திலும் பார்க்காத மழை பிடித்தது. அசல் கூரைத்துணி கிடைக்காததால் மாஸ்டர் ஜீப்புக்குக் கூரையே போடவில்லை. போலிக் கூரையின் கீழே உலர்ந்திருப்பதைவிட அசல் ஜீப்பில் நனைவது மேல் என்பது எங்கள் வட்டாரத்தின் கொள்கை. ஆனால் மாஸ்டர் அன்று வானம் வெளுக்கும் முன்பே மழைக்கோட்டும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கொள்கைக்காக நனைந்தது நான்தான்.

சிறிது நேரத்தில் என் ஷூவுக்குள் தண்ணீர் வந்தது. குனிந்து பார்த்தேன். கணுக்கால் ஆழம். பிஸ்கட் டப்பா என் காலருகே மிதந்து வந்து, முட்டி, திரும்பிப் போனது.

"மாஸ்டர், உள்ளே தண்ணி நிக்குது."

"வடிஞ்சுரும்."

"வடியலை மாஸ்டர். ஏறுது."

அவர் வைப்பர் இல்லாத கண்ணாடியை ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

காப்பிக்கு நிறுத்தியபோது மழையும் நின்றது. ரீத் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, எங்கள் ஊர்ச் சிக்கன வழக்கப்படி உடனே மூடினாள். ஃபோன்ஸ் தன் பிஸ்கட்டை வாயில் கவ்வியபடி ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது, புதுக் கிரகம் கண்டுபிடித்தவன் முகம்.

"அடியில ஒரு சொட்டு இல்லை. எலும்பு மாதிரி காஞ்சிருக்கு."

விஷயம் இதுதான். இந்த ஜீப்பின் அடியில் ஒரு துளை உண்டு. நிலத்தில் ஓடும்போது தண்ணீர் வடிவதற்கு அதைத் திறந்து வைக்க வேண்டும், ஆற்றில் இறங்கும்போது திருகுமூடியால் மூட வேண்டும். ஜீப்பை வாங்கிய அன்றே அதை மூடிய மாஸ்டர், பிறகு திறக்கவே இல்லை. அதனால்தான் ஜீப் குளியல்தொட்டியாகியிருந்தது.

ரீத் மற்றவர்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுப் பழகியவள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள்.

"மாஸ்டர், உள்ளே இருக்கிற தண்ணி வெளியே போகலைன்னா, வெளியே இருக்கிற தண்ணி எப்படி உள்ளே வரும்?"

மாஸ்டர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்.

"பன்னிரண்டு வருஷமா கசியும் கசியும்னீங்களே. எங்கே கசியுது, காட்டுங்க."

"காப்பி நல்லா இருக்கு ரீத்," என்றார் மாஸ்டர்.

இதைவிட மேலான சோதனையைப் பெரிய கப்பல் தளத்தில்கூடச் செய்ய முடியாது. இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. பாக்கிப் பாதிக்கு ஒரு ஆறு தேவைப்பட்டது. அது சாயங்காலம் வந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாஸ் ஆற்றைப் படகுத்துறையில் கடக்க வேண்டும். துறையில் சங்கிலி போட்டு, 'பழுது, பாலம் வழியாகச் செல்க' என்று பலகை மாட்டியிருந்தார்கள். அக்கரையில் எங்கள் ஊர். மாதாகோயில் கோபுரம் தெரிந்தது. உருளைக்கிழங்கு வறுவல் கடையின் விளக்குகூடத் தெரிந்தது. பாலம் வழியாகப் போனால், எங்கள் வேகத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"அதுக்குள்ளே கடையை மூடிடுவான்," என்றான் ஃபோன்ஸ். பிறகு மூன்று பேரும் மாஸ்டரைப் பார்த்தோம்.

மாஸ்டர் ஆற்றைப் பார்த்தார். மேலும் கீழும் படகு ஒன்றும் இல்லை. ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல், போய்க்கொண்டிருந்தது.

"குளத்துல அடி தெரியும்," என்றார் கடைசியில். "நீல ஓடு பதிச்சிருக்கும். யாராவது கீழே போனா எங்கே கிடக்குறான்னு தெரியும். இதுல என்ன தெரியுது?"

யாரும் சிரிக்கவில்லை. ஃபோன்ஸ்கூட. முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடந்த மனிதர், எண்ண முடியாத தண்ணீரின் முன்னால் நின்றார்.

ஆனாலும் ஃபோன்ஸ், ஃபோன்ஸ்தான். லாரிக்குப் போய் ஒரு நீளக் கம்பை எடுத்து வந்தான். நுனியில் வளையம். பழைய குளத்தை இடித்தபோது வந்த பொருள். அவனுடைய லாரிக்கூரையில் தேங்கும் மழைநீரைக் குத்தித் தள்ள உதவிக்கொண்டிருந்தது.

"நாங்க கரையில நிக்கிறோம் மாஸ்டர்."

மாஸ்டர் கம்பைப் பார்த்தார். அவரும் அதுவும் இத்தனை வருடத்தில் இப்படி எதிரெதிரே நின்றதில்லை. ரப்பர் பூட்ஸைக் கழற்றி, ராணுவ பூட்ஸை மாட்டி, நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டார்.

"பாரத்தைக் குறைங்கடா," என்றார்.

இரும்புத் தொப்பிகளால் மழைநீரை இறைத்துக் கொட்டினோம். கூடாரம், பெட்டி, கேன்கள், நான் எல்லாம் இறங்கினோம்; சாமான்கள் லாரியில் ஏறின. மாஸ்டர் தனியாக உட்கார்ந்து, படகுச் சரிவில் ஜீப்பை மெதுவாக இறக்கினார். தண்ணீர் சக்கரத்தைத் தொட்டது, மறைத்தது, பச்சை வயிற்றில் ஏறியது. பிறகு ஜீப்பின் பின்பக்கம் லேசாகத் தூக்கி ஆடியது, உட்காரப் போன கோழி மனசு மாறியது போல.

மிதந்தது.

ரீத் என் தோளில் அறைந்தாள். விசிறி நுரை கிளப்ப, மாஸ்டர் நடு ஆற்றை நோக்கி நிமிர்ந்த முதுகோடு போனார். இதைப் பார்க்க ஊரே அக்கரையில் இருந்திருக்க வேண்டும். ஊர் வறுவல் தின்றுகொண்டிருந்தது.

பாதி ஆற்றில் இஞ்சின் இருமிற்று. இன்னொரு முறை இருமி நின்றது.

"பெட்ரோல்!" என்று கத்தினார் மாஸ்டர்.

நாங்கள் லாரியைத் திரும்பிப் பார்த்தோம். பாரத்தைக் குறைக்க இறக்கிய பெட்ரோல் கேன்கள் அங்கே அழகாக வரிசையில் இருந்தன.

ஜீப் ஆற்றின் போக்கில் அடித்துக்கொண்டு போக ஆரம்பித்தது. நாங்கள் கரையோரமாகப் பசுக்களுக்கு நடுவே, கம்போடு ஓடினோம். மாஸ்டர் மண்வெட்டியை எடுத்துத் துடுப்பாகப் போட்டார். ஜீப் ஒரு முழு வட்டம் சுற்றி, ஊரை ஒருமுறையும் எங்களை ஒருமுறையும் பார்த்துக்கொண்டது. எங்கள் கரைதான் பக்கம், ஆனாலும் கம்பு எட்டாது. அவர் கயிற்றின் ஒரு முனையை ஜீப்பின் மூக்கில் இருந்த கொக்கியில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றினார். விளிம்பில் ஏறி நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார்.

முழங்கால் நடுங்கியது கரைவரை தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் சின்ன வயதில் குளத்து விளிம்பில் நின்று நடுங்கிய அதே நடுக்கம்தான் அது.

ரீத் இரண்டு கையையும் வாயில் குவித்தாள். "கீழே பாக்காதீங்க மாஸ்டர்! என்னைப் பாருங்க!"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குதித்தார்.

அவருடைய துணித்தொப்பி முதலில் மேலே வந்தது. அதன் பின்னால் தலை வந்தது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரல் வந்தது: "மடக்கு! விரி! சேர்!" சட்டை, கோட்டு, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு ஜீப்பைக் கட்டி இழுத்தபடி, பாடத்தில் இருப்பதுபோலவே தவளையாக நீந்தினார். சேர்ப்பதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஃபோன்ஸ் வாயைத் திறந்தபடி நின்றான். அவனுடைய கட்சி அந்த இடத்திலேயே கலைந்தது.

கரைக்கு இரண்டு வீச்சு இருக்கும்போது குரல் நின்றது. பூட்ஸ் இழுத்தது. தலை ஒருமுறை கீழே போய் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. ஃபோன்ஸ் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி நீட்டினேன். வளையம் அவர் மூக்குக்கு நேராக ஆடியது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

பிடித்துக்கொண்டார்.

இழுத்துப் போட்டோம். புல்லில் உட்கார்ந்து இருமினார். கோட்டிலிருந்து ஆறு ஒழுகியது. நாங்கள் கயிற்றை இழுக்க, ஜீப் பின்னாலேயே சாதுவாக வந்து கரையை முட்டியது. எட்டிப் பார்த்தேன். உள்ளே அவர் குதித்தபோது தெறித்த ஒரு கை நீர் மட்டும்.

"ஹூப்," என்று என் பெயரைச் சொல்லி அழைத்தார் மாஸ்டர், பல் தந்தியடிக்க. "நான் கம்பைப் பிடிச்சேனா?"

"பிடிச்சீங்க மாஸ்டர்."

"எல்லாரும் பாத்தீங்களா?"

"பாத்தோம்," என்றான் ஃபோன்ஸ், இந்த வாழ்க்கையில் முதல்முறையாக மரியாதையோடு. "ஆனா காலை நல்லா சேத்தீங்க."

மாஸ்டர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டி முடியும்வரை அதையே கவனமாகப் பார்த்தார்.

வறுவல் கடை அதற்குள் மூடிவிட்டது. ஆம்புலன்ஸில் நாங்கள் முதன்முதலாக ஒரு உண்மையான ஆளைப் படுக்கவைத்து, மேலே கம்பளி போர்த்தி, பாலம் வழியாக வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஃபோன்ஸின் லாரி ஜீப்பை இழுத்து வந்தது.

புதன்கிழமை மதியம் நான் துறைப் பக்கம் போனேன். தற்செயலாகத்தான். ரீத்தும் ஃபோன்ஸும் அதே தற்செயலாக அங்கே நின்றார்கள். மாஸ்டர் பெட்ரோல் கேனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கம்பு எங்கேடா?" என்றார் ஃபோன்ஸிடம்.

"எடுத்துட்டு வரலை மாஸ்டர்."

"போய் எடுத்துட்டு வா. கம்பு இல்லாம பரீட்சை கிடையாது."